அம்மாவின் தீக்காயத் தழும்பில் ஆறாத புண்: உங்கள் வீட்டு அனுபவமும் சொல்லுங்கள்

எட்டு வயசில் கொதிக்கிற கஞ்சி கவிழ்ந்து அம்மாவுக்கு வலது கெண்டைக்கால் வெந்துபோனது. மயிர் முளைக்காமல், பளபளவென்று இழுத்துப் பிடித்த தழும்பு. போன வருஷம், 62 வயசில், அதன் நடுவே ஒரு புண் வந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. அதனால் சர்க்கரைப் புண் என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். பக்கத்து கிளினிக்கிலும் அதையே சொன்னார்கள். ஏழு மாதம் கட்டு மாற்றினோம். சர்க்கரை இறங்கியது, புண் இறங்கவில்லை. ஓரம் தடித்து காலிஃபிளவர் மாதிரி மேலே எழும்பியது. கட்டைப் பிரித்தால் அழுகல் வாடை. பஞ்சு பட்டாலே ரத்தம்.

ஊரிலிருந்து வந்த சித்தி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பார்த்ததும், "ஏண்டி, அக்காவுக்குச் சதை எடுத்துப் பார்த்தாங்களா?" என்றார். யாரும் பார்க்கவில்லை.

புண்ணின் ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் சதை எடுத்தார்கள். ஒரே இடத்தில் எடுத்தால் தவறிப்போகலாமாம். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, தோல் புற்றுநோயில் ஒரு வகை. பழைய தீக்காயத் தழும்பில் வருவதை மார்ஜோலின் புண் என்பார்களாம். தீக்காயம் பட்டுச் சராசரியாக 30 வருஷம் கழித்துக்கூடத் தலைகாட்டும் என்றார் டாக்டர். அம்மாவுக்கு 54 வருஷம்.

புற்று பரவி அரையில், அதாவது தொடை இடுக்கில், நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், ஸ்கேனும் எடுத்தார். நல்ல வேளை, எலும்பைத் தொடவில்லை. புண்ணைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். வெட்டிய காலைவிடத் தோல் எடுத்த தொடைதான் அம்மாவை அழவைத்தது. இப்போது நடக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலையும் அரையையும் காட்டிவிட்டு வருகிறோம்.

பதில்:
எங்கள் அப்பாவுக்கு மூக்கோரம் மிளகளவு மரு. சவரம் செய்யும்போதெல்லாம் ரத்தம் வரும், பொருக்குக் கட்டும், உதிரும், திரும்ப வரும். இரண்டு வருஷம் மரு என்றே விட்டோம். படங்களில் இளஞ்சிவப்பாகக் காட்டுகிறார்கள். நம் நிறத்தில் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்குமாம். வெளிச்சத்தில் பார்த்தால் ஓரம் மட்டும் முத்து மாதிரி மினுங்கியது. பேசல் செல் கார்சினோமா, இதுவும் ஒரு தோல் புற்றுதான். வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அபூர்வம், ஆனால் விட்டால் இருக்கிற இடத்தையே அரித்துவிடும். வெட்டிய துண்டை உறையவைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, ஓரம் சுத்தம் என்று தெரிந்த பிறகே கன்னத்துத் தோலை நகர்த்தித் தைத்தார்கள்.

பதில்:
எனக்குப் பிறவியிலேயே நிறமி கிடையாது, வெண்தோல். நெற்றியில் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு வந்தது. புற்றாக மாறக்கூடியது என்று திரவ நைட்ரஜன் வைத்து எடுத்தார்கள். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் வயலுக்குப் போவதே இல்லை. அக்கா, அம்மாவின் தழும்பில் மீதிப் பகுதி?

முதலில் எழுதியவர்:
அதையும் பார்க்கச் சொன்னார்கள், தம்பி. ஞாயிறுதோறும் எண்ணெய் தடவும்போது விரலால் தடவிப் பார்க்கிறேன். போன மாதம் ஒரு வெடிப்பு. பத்தே நாளில் ஆறிவிட்டது.