கரமோஜாவிலுள்ள ஆரம்பப் பாடசாலைக்கு உதவி: வகுப்பறைக் கட்டடமா, வேறெதுவா?

கேள்வி: சுன்னாகத்தான்

அனைவருக்கும் வணக்கம். எனது அண்ணரின் மகள், அதாவது என் பெறாமகள், உகண்டாவின் வடகிழக்கிலுள்ள கரமோஜாப் பிரதேசத்தில், கோட்டிடோ மாவட்டத்தில், சிறுவர் போசாக்குத் திட்டம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறார். அவர் தங்கியிருக்கும் இடத்துக்கு அண்மையில் ஓர் அரசாங்க ஆரம்பப் பாடசாலை இருக்கிறது. முதலாம் வகுப்பில் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரேயொரு ஆசிரியரின் முன்னால் நிலத்தில் இருந்து படிக்கிறார்கள் என்றும், இடம் போதாமையால் இரண்டாம் வகுப்பு ஒரு வேல மரத்தின் கீழ் நடக்கிறது என்றும், ஆனால் ஐந்தாம் வகுப்பில் இருபது பிள்ளைகளைக்கூடக் காண முடியவில்லை என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை எங்கள் ஊர் வாசிகசாலைக் கூட்டத்தில் வாசித்தோம். இங்குள்ளவர்களும் கனடாவிலுள்ள ஊரவர்களுமாக 12 இலட்சம் ரூபாய் சேர்த்துவிட்டோம்.

பணம் சேர்ந்த பின்னர்தான் கருத்து வேறுபாடு எழுந்திருக்கிறது. ஊரின் பெயர் பொறித்த ஒரு வகுப்பறையைக் கட்டிக் கொடுப்போம் என்பது நிருவாக சபையில் பெரும்பாலானோரின் விருப்பம். மரத்தடியில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கூரை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனால், முதலாம் வகுப்பில் இருந்த நூறு பேரில் எண்பது பேர் கூரை இல்லாத காரணத்தாலா நின்றுபோனார்கள் என்ற கேள்வி என்னை உறுத்துகிறது. அந்தப் பக்கங்களில் வேலை செய்தவர்களோ, ஆரம்பக் கல்வியில் அனுபவமுள்ளவர்களோ இருந்தால் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.

பதில் 1: கோப்பாய் வாசி

ஐயா, நான் மொறோட்டோ, கோட்டிடோ ஆகிய இரு மாவட்டங்களிலும் குழாய்க்கிணறு அமைக்கும் பணியில் நான்கு ஆண்டுகள் இருந்தவன். கல்வித் துறையைச் சேர்ந்தவன் அல்லன். ஆயினும், பாடசாலை வளவுகளில்தான் பெரும்பாலான கிணறுகளைத் தோண்டினோம் என்பதால், நாட்கணக்கில் அங்கே நின்று பார்த்தவற்றைச் சொல்லலாம்.

முதலில் ஒரு பழைய கதை. பிரித்தானியர் ஆட்சியில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இளைஞர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு போனார்கள், போனவர்களில் பலர் திரும்பவில்லை, ஆகவே பெரியவர்கள் பேனாவைச் சபித்து மண்ணில் புதைத்தார்கள் என்று அங்குள்ள முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெயரைப் பதிவுசெய்வதென்றால் என்ன அச்சம் என்பதை நம்மூரவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1995இல்தான் மூத்தோர் ஒன்றுகூடி, புதைத்த பேனாவைத் தோண்டியெடுக்கும் சடங்கைச் செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1997இல், உகண்டா அரசாங்கம் ஆரம்பக் கல்விக்கான கட்டணத்தை நீக்கியது. தொடக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு நான்கு பிள்ளைகள் என்ற வரையறை இருந்தது. அப்படியிருந்தும் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 30 இலட்சமாக இருந்த மாணவர் தொகை ஒரே ஆண்டில் 50 இலட்சத்தைத் தாண்டியது. உங்கள் பெறாமகள் கண்ட நூறு பேர் வகுப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது.

கட்டணம் போனது, ஆனால் மாடு போகவில்லை. கரமோஜாவில் ஆண்டுக்கு ஒரே மழைக்காலம்தான். ஏறத்தாழ ஏப்ரல் மாதத்தில் தொடங்கி செப்டெம்பர் வரை. அதில் இறுங்கு விதைப்பார்கள். மழை பொய்த்தால் குடும்பத்தைக் காப்பாற்றுவது மாடுதான். வறண்ட மாதங்களில் இளைஞரும் பையன்களும் பட்டிகளை ஓட்டிக்கொண்டு புல்லும் நீரும் உள்ள இடங்களுக்குப் போய்விடுவார்கள். பெண்களும் முதியோரும் சிறு பிள்ளைகளும் முள்வேலி சூழ்ந்த குடியிருப்பில் இருப்பார்கள். அந்த வேலியின் வாசல், நம்மூர்ப் படலையைப் போல நிமிர்ந்து நுழையக் கூடியதன்று. கள்வர் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தே வரவேண்டும் என்பதற்காக, வளர்ந்தவர் தவழ்ந்து போகுமளவுக்கு அதைத் தாழ்வாக வைத்திருப்பார்கள். மாடு கவரும் சண்டை எந்த அளவுக்கு அவர்களின் வாழ்வில் ஊறியிருந்தது என்பதற்கு அந்த வாசலே சாட்சி.

இப்படிப்பட்ட வாழ்வில் காலை எட்டு மணிக்கு அடிக்கும் மணி எந்தப் பையனுக்காக அடிக்கிறது? அந்நேரம் அவன் மாட்டுக்குப் பின்னால் போய்விட்டான். பெண்பிள்ளை தண்ணீருக்குப் போய்விட்டாள், அல்லது தம்பியை இடுப்பில் வைத்திருக்கிறாள். இதைப் புரிந்துகொண்டுதான் 1998இல் கரமோஜாவுக்கென மாற்று அடிப்படைக் கல்வித் திட்டம் ஒன்றை அரசாங்கமும் ஒரு சிறுவர் நல நிறுவனமும் சேர்ந்து ஆரம்பித்தன. மேய்ச்சலுக்குப் போவதற்கு முன் விடியற்காலையிலும், மாடு திரும்பிய பின் மாலையிலும், குடியிருப்புக்கு அருகிலேயே பாடம். சொல்லிக் கொடுப்பவரும் அதே ஊரைச் சேர்ந்தவர். கால்நடை வளர்ப்பும் பயிர்ச்செய்கையும் சுகாதாரமும் பாடங்கள். அக்காமார் தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம். ஆனால் அங்கே எழுத்துக் கற்ற பிள்ளை மேலே படிக்க வேண்டுமானால் முறைசார்ந்த பாடசாலைக்குத்தான் போக வேண்டும். ஏழாம் வகுப்பு முடிவில் எழுதும் ஆரம்பக் கல்வி முடிவுப் பரீட்சை அங்கேதான் இருக்கிறது. அந்த இடைத்தூரத்தில்தான் நிறையப் பிள்ளைகள் தவறிப்போனார்கள்.

இன்னொன்று, சாப்பாடு. சோள மாக் களியும் அவரையும் வேகும் நாளில் வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கையும், கிடாரம் கவிழ்ந்து கிடக்கும் நாளில் வருகிற எண்ணிக்கையும் ஒன்றல்ல. காலையில் பிள்ளைகள் வரும்போது ஒரு கையில் விறகுக் கட்டை, மறு கையில் மஞ்சள் கானில் தண்ணீர். கொப்பி இல்லாத பிள்ளையிடமும் ஒரு கோப்பை இருக்கும். ஒருநாள் ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி தன் பங்கில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியை மூடியில்லாத ஒரு தகரப்பேணியில் அமுக்கி வைத்து, மண் விழாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு நடந்து போனதைப் பார்த்தேன். அவள் வீடு மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் என்று ஆசிரியர் சொன்னார்.

ஆகவே, என் கருத்துக் கேட்டால், உங்கள் பணத்தில் முதற்பங்கு அடுப்படிக்கே போக வேண்டும்.

பதில் 2: தீவகத்து ரீச்சர்

கோப்பாய் அண்ணா சொன்னவற்றோடு இரண்டு விடயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். நான் ஆபிரிக்காவுக்குப் போனதில்லை. ஆனால் நெடுந்தீவில் ஒன்பது ஆண்டுகள் ஆரம்பப் பிரிவில் படிப்பித்திருக்கிறேன்.

குறிகட்டுவானில் படகேறி, ஒரு மணித்தியாலம் கடலில் ஆடி, அலைகூடிய நாட்களில் நனைந்த சேலையோடு வகுப்புக்குள் போகும் ஆசிரியர் மனதில் மாலைப் படகின் நேரம்தான் ஓடிக்கொண்டிருக்கும். இது அவர்களின் குற்றமன்று. தீவிலேயே தங்கி, மாலையில் பிள்ளைகளின் வீட்டு வாசலில் நின்று கதைத்தவர்களிடம் பிள்ளைகள் வேறு விதமாகப் படித்தார்கள் என்பதை என் கண்ணால் கண்டேன். நானும் முதல் மூன்று ஆண்டுகள் படகில் போய் வந்தவள், பிறகு தங்கியவள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை என் மாணவரின் வாசிப்பிலேயே காண முடிந்தது. கரமோஜாவில் பணியாற்றும் ஆசிரியர் பலர் வேறு மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள். தங்க ஓர் அறை இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை நண்பகலோடு பாடசாலை வெறிச்சோடிவிடும்.

இரண்டாவது, மொழி. உகண்டாவில் 2007இல் புதிய பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தபோது, முதல் மூன்று வகுப்புகளும் பிரதேச மொழியில், நான்காம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றம் என்று வகுத்தார்கள். கோட்டிடோவில் அந்த மொழி ஙகரிமோஜோங். (நமது அரிச்சுவடியில் ஙகர வரிசைக்குச் சொல் தேடி அலைகிறோம். அங்கே மொழியின் பெயரே ஙகரத்தில் தொடங்குகிறது. தண்ணீர் 'ஙகிபி', மாடுகள் 'ஙாத்துக்'.) கொள்கை நல்லது. ஆனால் அந்த மொழி தெரியாத ஆசிரியர் முன்னால் நூறு பிள்ளைகளும், அந்த மொழியில் கையில் கொடுக்க நாலைந்து புத்தகங்களும் மட்டும் இருந்தால், கொள்கை கடதாசியோடு நின்றுவிடும். வாசிக்கத் தெரியாமல் நான்காம் வகுப்புக்கு ஏறிய பிள்ளைக்குத் திடீரென ஆங்கிலம். அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று கேட்பதைவிட, எப்படி வரும் என்று கேட்பதே பொருத்தம் என நினைக்கிறேன்.

அந்த மக்கள் மாட்டின் நிறத்தையும் புள்ளியையும் கொம்பின் வளைவையும் தனித்தனிச் சொற்களால் சொல்லக் கூடியவர்கள். இளைஞர் தத்தம் காளைக்குப் பெயரிட்டுப் பாடுவார்கள். நம்மவர் மயிலை, செவலை, காரி என்று சொன்னதைப் போலத்தான். அந்தச் சொற்களை வைத்தே ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்ல, ஆசிரியர் எழுத, பிள்ளைகள் படம் வரைய, பத்துப் பக்கத்தில் சிறு வாசிப்பு நூல்கள் செய்யலாம். உங்களுடையது வாசிகசாலை என்பதால் இதை எழுதுகிறேன். பல இலட்சம் தேவையில்லை. நல்ல அட்டையும், தட்டச்சுச் செய்யக் கூடிய ஒருவரும் போதும். இங்கிருந்து ஆங்கிலக் கதைப்புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக அனுப்பிவிடாதீர்கள் என்று தயவாகக் கேட்கிறேன்.

பதில் 3: இளைப்பாறிய அதிபர், கரவெட்டி

1995 ஐப்பசி இடப்பெயர்வுக்குப் பின் வன்னியில் ஒரு பாலை மரத்தின் கீழ் ஓராண்டுக்கு மேல் வகுப்பு நடத்தியவன் நான். மரத்தடியிலும் கல்வி நடக்கும் என்பதற்கு நானும் என் மாணவர்களும் சான்று. ஆனால் தம்பி, மார்கழி மழையில் வகுப்பு இல்லை. கரும்பலகையை இரவு எங்கே வைப்பது என்பதே பெரும் பிரச்சினை. ஆகவே கட்டடம் என்ற சொல்லை முற்றாகத் தள்ளிவிட வேண்டாம். எந்தக் கட்டடம் என்பதைக் கேளுங்கள். பூட்டுள்ள ஒரு களஞ்சியம் இல்லாவிட்டால் நீங்கள் வாங்கிக் கொடுக்கும் தானியத்தை எலியும் ஈரமும் தின்னும், புத்தகத்தைக் கறையான் தின்னும். வகுப்பறைக்குப் பதிலாக, நிலத்திலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டிய ஒரு களஞ்சிய அறையும், கிடுகோ புல்லோ வேய்ந்த சமையற் கொட்டிலும் போதும் என்பது என் எண்ணம்.

இன்னொரு விடயத்தில் கோப்பாய்த் தம்பியுடன் சிறிது மாறுபடுகிறேன். அடுப்படிக்குப் பணம் கொடுத்தால் ஒரு தவணைக்குப் பிறகு பணம் தீரும். பணம் தீர்ந்த அன்று பிள்ளைகள் நிற்பார்கள். ஒரே தடவையில் உணவு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவதானால், கொடுக்காமல் விடுவதே மேல். மூன்று ஆண்டுகளுக்குச் சிறு தொகையாகப் பிரித்து, அறுவடையின்போது அவ்வூர்ப் பெண்களிடமே இறுங்கை வாங்கிக் களஞ்சியத்தில் இட்டு, அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்களில் எடுக்கலாம்.

பதில் 4: கோப்பாய் வாசி

அதிபர் ஐயா சொல்வது சரியே. நான் அதைச் சிந்திக்கவில்லை. ஒரேயொரு எச்சரிக்கை. அறுவடைக்குப் பின் நிறைந்த களஞ்சியம், மாடு கவரும் சண்டை நடக்கும் ஊரில், கண்ணில் படும் பொருள். பாடசாலை முகாமைத்துவக் குழுவில் ஊர் மூத்தோரும் பெற்றோரும் இருப்பார்கள். திறப்பு யாரிடம் இருக்க வேண்டும் என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும். நாங்கள் கிணற்றுக் கைப்பம்பிகளை அப்படித்தான் ஒப்படைத்தோம். ஊரார் பொறுப்பெடுத்தவை இன்றும் ஓடுகின்றன.

மீண்டும்: சுன்னாகத்தான்

பதில் எழுதிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்து நேற்றைய கூட்டத்தில் வாசித்தேன். பெயர்ப்பலகை பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு மணித்தியாலம் வாதம் நடந்தது. முடிவில், தகரப்பேணியைக் கையால் மூடிக்கொண்டு போன அந்தச் சிறுமியைப் பற்றி எங்கள் பொருளாளர் திரும்பவும் வாசிக்கச் சொன்னார்.

பெறாமகள் தலைமையாசிரியரிடமும் முகாமைத்துவக் குழுவிடமும் நேரில் கேட்டு எழுதியிருக்கிறார். அவர்கள் முதலில் கேட்டது களஞ்சியத்துக்கு ஓர் இரும்புக் கதவு. அடுத்தது பெரிய கிடாரம் இரண்டு. மூன்றாவது, இப்போது ஒரே அறையில் தங்கியிருக்கும் மூன்று ஆசிரியைகளுக்கு இன்னோர் அறை. வகுப்பறை அவர்களின் பட்டியலில் ஐந்தாவதாக இருக்கிறது. அங்கே புதிய கல்வியாண்டு பெப்ரவரியில் தொடங்குவதால், கதவுக்கும் கிடாரத்துக்குமான பணத்தைத் தை மாதத்துக்குள் அனுப்புவதாகவும், மீதியை மூன்றாகப் பிரித்து வங்கியில் இடுவதாகவும் தீர்மானித்துள்ளோம். ரீச்சர், வாசிப்பு நூல் பற்றி உங்களிடம் இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது: ஒரு பக்கத்தில் எத்தனை வரி, எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைப் பெறாமகளுக்கு விளங்கும்படி எழுதித் தருவீர்களா?