ராகிக் களியா, ரேஷன் சோறா?

குப்பத்துக்காரன்:
ஆந்திராவில் எங்கள் குப்பம் ஊர்ப் பக்கம் ராகிக் களி போய், மூன்று வேளையும் சோறு என்றாகிவிட்டது. நெல் வயலில் நீர் தேங்கினால் மண்ணுக்குள் காற்றுப் புகாது. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்கும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ராகிக்கோ மானாவாரி மழையே போதும். நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. தீட்டிய அரிசியில் பத்தைத் தாண்டினால் அதிகம். பிறகும் ஆழ்துளைக் கிணறு போட்டு நெல் நடுவது என்ன நியாயம்?

பலமனேர் மருமகள்:
அண்ணா, களியைக் கிண்டியவர் யார் என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே! புகையடுப்பின் முன்னால் பானையைக் காலால் அணைத்துக்கொண்டு, கட்டி தட்டாமல் துடுப்புப் போட்டவர் என் மாமியார். இரண்டு தோளும் போய்விட்டன. ரேஷன் அரிசி வந்த பிறகுதான் அவர் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அதை விட்டுவிட்டுக் கடையில் காசு கொடுத்து ராகி வாங்கச் சொல்கிறீர்கள். நெல்லுக்கும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சி, தண்ணீர் விட்டால் மீத்தேன் வெகுவாகக் குறையும். அதைச் சொல்லுங்கள், கேட்கிறேன்.

குப்பத்துக்காரன்:
அம்மாவின் தோள்வலி உண்மை, மறுக்கவில்லை. ஆனால் விலைக்கு வழி உண்டு. கர்நாடகத்தின் தென் மாவட்டங்களில் ரேஷனிலேயே ராகி தருகிறார்கள். 2024-25இல் குவிண்டால் ராகிக்கு அரசின் ஆதரவு விலை 4,290 ரூபாய், சாதாரண நெல்லுக்கு 2,300. இந்த விலைக்கு ஒழுங்காகக் கொள்முதல் நடந்தால் விவசாயி ஏன் நெல்லைத் தேடுகிறான்?

ஏரிக்கரை:
களியோ சோறோ, புரதம் நூறு கிராம் தானியத்துக்கு ஏழெட்டு கிராம்தான். தானியத்தை மாற்றிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டால் பிள்ளைக்கு என்ன சேரும்? அன்று ராகிக் கொல்லையில் ராகிக்கு நடுவே சால் விட்டு, வரிசையாக அவரையும் துவரையும் போட்டார்கள். அவற்றின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தந்தன. மார்கழியில் அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துக் குழம்பு வைத்தால், களி உருண்டை தானாக இறங்கும். இன்று ராகி போடுபவர்கள்கூட அப்படிச் சால் விட்டுப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்த இழப்புதான் பெரிதாகப்படுகிறது.

பலமனேர் மருமகள்:
பிதுக்கம் பருப்புக் குழம்பு! அதற்கு நான் எதிரி இல்லை. சோற்றுக்கும் அது நன்றாகவே இருக்கும். அரை ஏக்கர் மானாவாரி சும்மா கிடக்கிறது. வரும் ஆடியில் சால் விட்டுப் போடுகிறேன். ஆனால் பனிக்காலத்தில் மட்டும் பூக்கும் பழைய அவரை விதை எங்கள் ஊரில் யாரிடமும் இல்லை. கடை விதை வேண்டாம். ஏரிக்கரை அண்ணா, உங்களிடம் இரண்டு படி இருக்குமா?