பொரிந்து ஒரு நாளான குஞ்சு எழுந்து நிற்கவில்லை, என்ன செய்யலாம்?

வேலியோரம்: இன்குபேட்டரில் 22-ஆம் நாள் கடைசியாகப் பொரிந்த நாட்டுக்கோழிக் குஞ்சு. மற்றதெல்லாம் ஓடுது, இது படுத்தே கிடக்கு. இரண்டு காலும் பக்கவாட்டில் விரியுது. கீழே நியூஸ்பேப்பர்தான் போட்டிருக்கேன். சிரிஞ்சில் தண்ணீர் கொடுக்கலாமா?

கரிசல்பண்ணை: சிரிஞ்ச் வேண்டாங்க. வாயில் பீய்ச்சினால் மூச்சுக்குழலில் இறங்கிடும், நுரையீரலில் நீர் போன குஞ்சு தேறாது. முதல் வேலை சூடு. காலைத் தொட்டுப் பாருங்க, சில்லென்று இருந்தால் தண்ணீரே கொடுக்காதீங்க. அட்டைப்பெட்டியின் ஒரு ஓரத்தில் 60 வாட் குண்டு பல்பு (எல்.இ.டி. பல்பில் சூடு வராது), குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி செல்சியஸ் இருக்கணும். நடக்க முடியாத குஞ்சு சூடு கூடினாலும் தானாக விலகிப் போகாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் பல்பை உடனே உயர்த்துங்க.

கால் வெதுவெதுப்பானதும், 100 மில்லி வெந்நீர் ஆறியதில் ஒரு டீஸ்பூன் குளுக்கோஸ் கலந்து, விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து அலகின் ஓரத்தில் வையுங்க. அலகை அசைத்து, தலையைத் தூக்கித் தானே விழுங்கும். விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. அரை மணிக்கு ஒரு தரம் இரண்டு மூன்று சொட்டு போதும். தீனிக்கு அவசரமே இல்லை, வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும்.

உமித்தவிடு: நியூஸ்பேப்பரை இப்பவே எடுத்துடுங்க தம்பி. வழுக்குற தரையில்தான் கால் விரியும். சொரசொரப்பான பருத்தித் துணி விரிங்க, நூல் பிரிந்த சாக்கு வேண்டாம், நகம் மாட்டும். பிளாஸ்திரியை அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டி, பஞ்சு நடுவில் வருகிற மாதிரி, முட்டிக்குக் கீழே இரண்டு காலையும் சேர்த்து ஒட்டுங்க. நடுவில் 2 சென்டிமீட்டர் இடைவெளி விடணும். நெருக்கிக் கட்டினால் குஞ்சு குப்புற விழும். தினமும் பாருங்க, கால் வீங்கினால் தளர்த்துங்க. மூணு நாலு நாளில் கழற்றிடலாம். இன்றே கட்டணும், ஒரு வாரம் கழித்துக் கட்டினால் கால் நேராகாது.

கரிசல்பண்ணை: தொப்புளையும் பாருங்க. காய்ந்த பொருக்கைப் பிய்க்காதீங்க. ஈரமாகத் திறந்திருந்தால் பொவிடோன் அயோடின் (புண்ணுக்குப் போடுற கிருமிநாசினி) தொட்டு வையுங்க. வயிறு உப்பி நாற்றம் வந்தால் தொப்புள் சீழ், கால்நடை மருத்துவரிடம் காட்டணும்.

வேலியோரம்: பிளாஸ்திரி போட்டாச்சு. மற்ற குஞ்சுகளோடு எப்ப விடலாம்?

உமித்தவிடு: தானாக நடந்துபோய்க் குடிக்கும்போது. அதுவரை நடுவில் கம்பி வலை. கூட்டத்தைப் பார்த்துத் தீனி கொத்தப் பழகும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்க, கால் கட்டிய குஞ்சு ஒரு விரற்கடை தண்ணீரில்கூட மூழ்கிடும்.