தக்கைப்பூண்டு மடக்கி உழுத வயலில் சம்பா மஞ்சளடிக்கிறது, யூரியா போடலாமா?

கேள்வி:
திருவாரூர் பக்கம், களிமண், 3 ஏக்கர். இந்தப் பருவம்தான் ரசாயன உரத்தை மொத்தமாக நிறுத்தியிருக்கிறோம். தழையுரச் செடியான தக்கைப்பூண்டை மடக்கி உழுது 4ஆம் நாள் நடவு. ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம் ஊறவைத்த கரைசல்) ஒருமுறை விட்டாச்சு. நட்டு 20 நாள் ஆகியும் தூர் கட்டவில்லை (பக்கத்தண்டு கிளைக்கவில்லை), இலை மஞ்சள். யூரியா போடலாமா?

பதில் 1:
முதலில் ஒரு நெற்குத்தைப் பிடுங்கி வேரை அலசிப் பாருங்க. வேர் கறுத்து அழுகின முட்டை நாற்றம் அடித்தால், 4 நாளில் நட்டதுதான் காரணம். தேங்கின தண்ணீருக்கடியில் தழை அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு கிளம்பி வேரைக் கெடுக்கும். உழுதபின் 10–15 நாள் மக்க விட்டிருக்கணும். இப்போ தண்ணீரை வடித்து, மயிரிழை வெடிப்பு தெரியும்வரை மட்டும் காயப்போடுங்க. களிமண் அதற்குமேல் வெடித்தால் வேர் அறுந்துபோகும். பிறகு லேசாகத் தண்ணீர் கட்டி, வரிசை நடவாக இருந்தால் கோனோவீடர் (உருளும் களையெடுக்கும் கருவி) ஓட்டுங்க.

வேர் வெள்ளையாக இருந்தால் வெறும் தழைச்சத்து (நைட்ரஜன்) பசி. எத்தனை நாள் வளர்ந்த தக்கைப்பூண்டை மடக்கினீங்க?

கேட்டவர்:
65 நாள். தண்டு குச்சி மாதிரி படக்கென்று ஒடிந்தது. வேர் பாதி கறுப்பு, நாற்றமும் இருக்கு.

பதில் 2:
அப்போ இரண்டு கோளாறும் சேர்ந்திருக்கு. 45 நாளில், பூவெடுக்கும்போதே மடக்கணும். முற்றின தண்டைச் செரிக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும், பயிர் பட்டினி கிடக்கும்.

கணக்கையும் பாருங்க. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து. நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு தருவது 25–30 கிலோ. ஜீவாமிர்தத்துக்குப் போடும் 10 கிலோ சாணத்தில் 50 கிராம்கூடத் தேறாது. அது மண்ணுக்கு உறைமோர், சாப்பாடு இல்லை. அடுத்த பருவம் ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம், நடவுக்குப்பின் அசோலா (நீரில் மிதந்து தழைச்சத்து சேர்க்கும் சிறு செடி), அறுப்புக்கு 7–10 நாள் முன்னால் ஈரத்தில் உளுந்து விதைப்பு என்று திட்டமிடுங்க.

இப்போதைக்கு, தண்ணீரை வடித்துக் காயவிட்டு, புது வெள்ளை வேர் தெரிந்தபின் ஏக்கருக்கு 15 கிலோ யூரியாவை 3 கிலோ வேப்பம்புண்ணாக்குத் தூளுடன் கலந்து ஓர் இரவு வைத்துத் தூவுங்க. ரசாயன உரத்துக்குப் பழகின மண்ணுக்கு அதைப் படிப்படியாகத்தான் குறைக்கணும்.

பதில் 3:
அங்ககச் சான்று (இயற்கை விளைபொருள் என்ற சான்றிதழ்) வாங்கும் எண்ணம் இருந்தால் கவனம். ஒரு பருவப் பயிர்களுக்கு மாறுதல் காலம் (ரசாயனம் தொடாமல் கழிக்க வேண்டிய காலம்) 2 ஆண்டு. யூரியா விழுந்த வயலுக்கு அது முதலிலிருந்து தொடங்கும். வாய்க்காலிலிருந்து நேராகத் தண்ணீர் பாயும் 1 ஏக்கரை மட்டும் தனியாகப் பிரித்து, அதில் யூரியா தொடாமல் வடிகாலும், மீன் அமிலமும் (மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்த கரைசல்; 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி, இலைவழி) மட்டும் செய்யுங்க. அங்கே மகசூல் குறையும் என்பதைக் கணக்கில் வைங்க. மேல்வயல் வழியாகப் பாயும் நிலத்தை அதற்கு எடுக்காதீங்க, பக்கத்து வயல் களைக்கொல்லியும் தண்ணீரோடு வந்துவிடும்.