கிளாக் நிழலில் மறைந்த பிஸ்டல்கள்: மச்சானுக்கும் எனக்கும் தீராத தகராறு

லேத்_பட்டறை:
தீபாவளிக்கு அரிசோனாவிலிருந்து வந்த என் மாமன் மகன், இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் தே தாரேக் கடையில் உட்கார்ந்துகொண்டு, “கிளாக் 17 ஒன்று போதும், மற்ற பிஸ்டலெல்லாம் பழைய இரும்பு” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான். அவன் அங்கே சட்டப்படி வாங்கி வைத்திருப்பவன். நான் பட்டாயா சுடுதளத்தில் ஒரே ஒரு தடவை ஐம்பது தோட்டா சுட்டவன், அவ்வளவுதான். ஆனால் முப்பது வருஷமாக இரும்பைக் கடைகிறவன். அதனால் அந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை.

பிளாஸ்டிக் உடம்புள்ள அந்த கிளாக்கைக் குறை சொல்லவில்லை. 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் அதை எடுத்த பிறகு உலகமே அதன் பின்னால் போய்விட்டது, நல்ல வேலைப்பாடுகள் சில கண்ணில் படாமலே போய்விட்டன. இதுதான் என் வாதம். ஜெர்மன்காரன் செய்த ஹெக்லர் அண்ட் கோக் பி7-ஐப் பாருங்கள். பெரும்பாலான 9 மில்லிமீட்டர் பிஸ்டல்களில் சுடும்போது குழல் கொஞ்சம் சாய்ந்து ஸ்லைடிலிருந்து, அதாவது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதியிலிருந்து, விடுபடும். பி7-ல் குழல் அசையவே அசையாது. தோட்டா வெடித்த வாயுவில் ஒரு பங்கு குழலுக்கு அடியில் இருக்கும் சிலிண்டருக்குள் போய், ஸ்லைடு அவசரப்பட்டுப் பின்னால் வராதபடி அதோடு இணைந்த பிஸ்டனைத் தள்ளிப் பிடிக்கும். கைப்பிடியின் முன்பக்கத்தை அழுத்தினால் சுடத் தயார், கையைத் தளர்த்தினால் சாது. கடைசல் தெரிந்தவன் இதைப் பார்த்தால் ஒரு நிமிஷம் பேசமாட்டான்.

ஓய்வு_சார்ஜன்:
தம்பி, பேசாமல் நிற்பது சரி. அந்தச் சிலிண்டர் இருப்பது டிரிகருக்கு நேர் மேலே. நாலைந்து மேகசின் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) தொடர்ந்து சுட்டால் விரல் பொசுங்கும். விலையும் அதிகம், உற்பத்தியும் நின்று பல வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பெயர் மதிப்பிடப்படாதது இல்லை, மதிப்பிட்டு ஒதுக்கியது.

நான் போலீஸில் ஆறு தோட்டா ரிவால்வரில் ஆரம்பித்து வால்தர் பி99 பிஸ்டலில் முடித்தவன். நம் ஊர் வெயிலும் வியர்வையும் தெரியும்தானே? முழு இரும்புப் பிஸ்டலை மழைக்காலத்தில் இடுப்பில் கட்டிப் பார். பிளாஸ்டிக் உடம்பு வந்ததற்குக் காரணம் இருக்கிறது.

எல்பில்_பேத்தி:
இந்த ஊர்க்காரர்கள் துப்பாக்கி பேசினால் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். 1948 ஜூன் 16-ல் இங்கே எல்பில் ரப்பர் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்கார துரைமாரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றதில்தான் மலாயாவில் அவசரகாலமே ஆரம்பித்தது. அதற்குப் பிறகு துரை இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் பால் நிறுக்கிற இடத்துக்குக்கூட வரமாட்டாராம். தோட்டத்தில் கிராணியாக (கணக்கராக) இருந்த என் தாத்தா சொன்னது. சாயங்காலம் அதைத் துடைத்து எண்ணெய் போடும் வேலையும் அவர் தலையில்தான். ஒரு நாள் மறந்தால் மறுநாள் செம்மண் நிறத்தில் துரு பூத்திருக்குமாம். சார்ஜன் சொல்வது சரி.

செம்பனை_ரவி:
பிரவுனிங் ஹை-பவரை ஏன் யாரும் சொல்லவில்லை? 1935-லேயே 13 தோட்டா!

லேத்_பட்டறை:
ரவி, அது மறைந்த பிஸ்டலா? அதை வடிவமைக்க ஆரம்பித்த பிரவுனிங் 1926-ல் இறந்துபோக, பெல்ஜியத்தில் சேவ் என்பவர் வேலையை முடித்த கதை எல்லாருக்கும் தெரியும். பிரிட்டிஷ் ராணுவம் 2013 வரை விடாமல் வைத்திருந்தது, அப்புறம்தான் கிளாக்குக்கு மாறியது. ஊரறிந்த மாப்பிள்ளை அது.

செக் நாட்டு சிஇசட் 75 என்றாலாவது ஒத்துக்கொள்ளலாம். வடிவமைப்புக்கு எடுத்த காப்புரிமை உள்நாட்டில் ரகசியமாகவே கிடந்தது. வெளியே அதற்குப் பாதுகாப்பு இல்லாததால் இத்தாலி, துருக்கி, இஸ்ரேல் என்று ஆளாளுக்கு அதைப் பார்த்துச் செய்தார்கள். அசலைவிட நகல்கள் அதிகம் அலைகிற பிஸ்டல். ஸ்லைடு சட்டத்துக்கு (கைப்பிடியோடு சேர்ந்த அடிப்பாகத்துக்கு) உள்ளே ஓடுகிறது, அதனால் ஆட்டம் குறைவு.

ஓய்வு_சார்ஜன்:
உள்ளே ஓடுவதால் வெளியே பிடிக்க இடமும் குறைவு. வியர்த்த கையால் அந்த ஸ்லைடை இழுத்துப் பார்த்திருக்கிறாயா?

லேத்_பட்டறை:
பட்டாயாவில் வழுக்கியது. ஒத்துக்கொள்கிறேன்.

சரி, துருதான் பிரச்சினை என்றால் இதைக் கேளுங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 5906. சட்டமும் ஸ்லைடும் துருப்பிடிக்காத எஃகு, 15 தோட்டா. 1980களின் கடைசியில் வந்து, அமெரிக்க போலீசார் பலர் இடுப்பில் இருந்தது. கிளாக்குக்கு மாறியதும் பலர் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். டிரிகரின் முதல் இழுப்பு ரிவால்வர் போலக் கனம், அடுத்தடுத்து லேசு. ரிவால்வரில் பழகிய உங்கள் விரலுக்கு இது அந்நியமே இல்லை, சார்ஜன் ஐயா.

ஓய்வு_சார்ஜன்:
மேகசினைக் கழற்றினால் சுடாதே அது?

லேத்_பட்டறை:
அதுதானே நல்லது! யாராவது பறிக்க வந்தால் மேகசினைத் தட்டிவிட்டால் போதும், துப்பாக்கி கட்டைதான்.

ஓய்வு_சார்ஜன்:
மேகசின் மாற்றும் அந்த இரண்டு விநாடியில் எதிரே ஆள் நின்றால்? குழலில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும், உனக்கு உதவாது. பறிப்புக்கும் மாற்றலுக்கும் இடையில் எது அடிக்கடி நடக்கும் என்பது அவரவர் பணியைப் பொறுத்தது. ரோந்துப் பணியில் இருந்தவன் என்ற முறையில் பறிப்புப் பயம் எனக்கு நிஜம், அதனால் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எடை? வெறும் துப்பாக்கியே ஒரு கிலோவைத் தாண்டும். கிளாக் முக்கால் கிலோகூட வராது.

செம்பனை_ரவி:
ஸ்பெயினின் ஸ்டார் பிஎம்? கச்சிதமானது. ஸ்டார் கம்பெனி 1997-ல் மூடிவிட்டது, உதிரிப்பாகம்தான் கிடைக்காது. அதிலும் தோட்டா போடாமல் வெறுமனே சொடுக்கிப் பழகினால் தோட்டாவைத் தட்டும் ஊசி உடையுமாம்.

லேத்_பட்டறை:
ஊசிதானே, நான் கடைந்து தருகிறேன்.

ஓய்வு_சார்ஜன்:
நீ கடைந்தால் நானே வந்து கூட்டிப்போவேன், ஓய்வாவது ஒன்றாவது. விளையாட்டில்லை தம்பி. 1960 ஆயுதச் சட்டப்படி இங்கே லைசன்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்யவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. தண்டனையைக் கூட்டிய 1971 சட்டப்படி, லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. அழிக்கச் சொல்லவில்லை, ஆனால் இந்த வரியை மறந்துவிடு.

லேத்_பட்டறை:
மறந்துவிட்டேன் ஐயா.

அரிசோனா_மச்சான்:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தே தாரேக் கடையில் ஒன்றைச் சொல்லவில்லை. என்னிடம் ஒரு 5906-ம் இருக்கிறது. போலீஸ் திருப்பிக் கொடுத்த சரக்கு, ஸ்லைடில் அந்த ஊர்ப் போலீஸ் முத்திரைகூட அப்படியே இருக்கிறது. வீட்டுக் காவலுக்கு கிளாக்தான். ஆனால் சனிக்கிழமை சுடுதளத்துக்குப் போனால் கை தானாக 5906-ஐத்தான் எடுக்கிறது. அந்த எடைதான் உதைப்பை முழுங்குகிறது.

லேத்_பட்டறை:
பழைய இரும்பு என்றாயே, மச்சான்!

அரிசோனா_மச்சான்:
அது இரும்பு இல்லை மச்சான், எவர்சில்வர்.

எல்பில்_பேத்தி:
தாத்தா காலத்தில் அது இருந்திருந்தால் துரைக்கு எண்ணெய்ச் செலவாவது மிச்சமாகியிருக்கும்.

ஓய்வு_சார்ஜன்:
மிச்சமாகாது அம்மா. எவர்சில்வரும் கவனிக்காமல் விட்டால் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். மச்சான், ஸ்லைடைக் கழற்றி உள்பக்கம் ஒரு படம் போடு, நீ எப்படி வைத்திருக்கிறாய் என்று பார்க்கலாம்.