அம்மா புளி போட்டுத் துலக்கிய பச்சைக் கல்

மந்தைவெளிக்காரி:
பாண்டி பஜார் நடைபாதையில் மாலகைட் என்ற பச்சைக் கல்லில் செய்த பதக்கம் ஒன்று வாங்கினேன். கரும்பச்சையும் இளம்பச்சையும் மாறிமாறி, வெட்டிய மரத்தின் வளையங்களைப் போல இருந்தது. "களிம்பு ஏறியிருக்கிறது" என்று அம்மா அதைச் செம்புக் குடத்தோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்கிவிட்டார். மெருகு போய், சாக்பீஸ் பூசியதுபோல் கிடக்கிறது. உண்மையில் இது களிம்புதானா? மண்ணுக்கடியில் வளையம் எப்படி விழுகிறது?

கேத்ரியில் இருந்தவன்:
அம்மா சொன்னதில் பாதி சரி. ராஜஸ்தானில் கேத்ரி செம்புச் சுரங்கத்தில் நிலவியலாளராக இருந்தேன். இப்போது அடையாறு வாசி. ஆழத்தில் கிடைக்கும் தாது பச்சையே அல்ல, பித்தளை மஞ்சள். செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. மேல்மட்டத்தில், மழைநீரும் காற்றும் எட்டும் வரைக்கும்தான் பச்சை. அங்கே தாது சிதைந்து செம்பு நீரில் கரைகிறது. அமிலம் ஏறிய அந்த நீர் சுண்ணாம்புப் பாறையைத் தொட்டால் புளிப்பு அடங்கி, கார்பனேட்டுடன் கூடிப் பச்சையாகப் படிகிறது. பாறைப் பொந்துக்குள் ஏடு ஏடாகப் படிந்தால் திராட்சைக் கொத்துபோல் புடைத்து வளரும், அறுத்தால் வளையம். படிகங்கள் பொடியாக இருக்கும் ஏடு வெளிறியும், பருத்த ஏடு கறுத்தும் தெரியும். பக்கத்திலேயே அசுரைட் என்ற நீலச் செம்புக் கனிமமும் இருக்கும். அதுவும் நாளடைவில் பச்சையாகிவிடுவதுண்டு.

மண்ணில் புதைந்த வெண்கலச் சிலைகளின் மேல் ஏறும் பச்சையிலும் இதே சேர்மம் உண்டு. நம் ஊர்க் கடற்காற்றில் களிம்போடு குளோரைடும் சேரும், அது வேறு தொல்லை.

சூளைமேடு சேகர்:
நடைபாதையில் மாலகைட்டா? பிளாஸ்டிக்காக இருக்கும்.

கேத்ரியில் இருந்தவன்:
பிளாஸ்டிக் என்றால் புளிக்கு அசைந்திருக்காது. கார்பனேட் கல்லை அமிலம் அரிக்கும். கையில் எடுத்தால் கனமாக, சில்லென்று இருக்கிறதா? கத்தி முனைக்குக் கீறல் விழும், கடினம் பத்துக்கு 3.5 முதல் 4 வரைதான். பட்டை தீட்டுபவரிடம் கொடுத்து மெருகேற்றலாம். வீட்டில் உப்புத்தாள் வைத்து உலர்வாகத் தேய்க்காதீர்கள், செம்புத் தூசி மூச்சுக்கு ஆகாது.

மந்தைவெளிக்காரி:
கனமாக, சில்லென்றுதான் இருக்கிறது ஐயா. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அசல்தானா என்று சோதித்துத்தானே கொடுத்திருக்கிறேன்" என்கிறார்.