1948: ஒரே நோட்டில் இந்திய ரிசர்வ் வங்கி, பாகிஸ்தான் அரசு இரண்டும் எப்படி?

செப்புக்காசு:
ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட பத்து ரூபாய் நோட்டு. இந்திய ரிசர்வ் வங்கி என்றும் இருக்கிறது, பாகிஸ்தான் அரசு என்றும் இருக்கிறது. பிரிந்துபோன நாட்டுக்கு இந்திய ரிசர்வ் வங்கி ஏன் நோட்டு அடித்தது? காந்தி உண்ணாவிரதம் இருந்து வாங்கிக் கொடுத்த 55 கோடி இந்த நோட்டுகளாகத்தான் போனதா? வாங்கும்போது போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பேரேடு:
முதல் கேள்வியிலிருந்து வருகிறேன். நாட்டை ஒரே நாளில் பிரித்துவிடலாம், மத்திய வங்கியை அப்படி உருவாக்க முடியாது. 1947 ஆகஸ்டில் பாகிஸ்தானிடம் நோட்டு அச்சகமே இல்லை. அதனால் 1948 செப்டம்பர் 30 வரை இரண்டு நாடுகளுக்கும் இந்திய ரிசர்வ் வங்கியே மத்திய வங்கி என்று ஏற்பாடு. 1948 மார்ச் 31 வரை இரண்டு பக்கமும் ஒரே நோட்டுதான் புழங்கியது. ஏப்ரல் 1 முதல் நாசிக்கில் அச்சான இந்த நோட்டுகள் அங்கே வெளியாயின. முன்பக்கத்தில் மேலே ஆங்கிலத்தில் பாகிஸ்தான் அரசு என்றும், கீழே உருதுவில் ‘ஹுகூமத்-ஏ-பாகிஸ்தான்’ என்றும் இருக்கும். கையெழுத்து மட்டும் இந்திய அதிகாரிகளுடையதே. இவை பாகிஸ்தானில் மட்டுமே செல்லுபடியாகும்.

நோட்டைத் தனியாகப் பிரித்ததற்குக் காரணம் கணக்குதான். நோட்டு என்பது வங்கியின் கடன். அதற்கு ஈடாகத் தங்கமும் ஸ்டெர்லிங் (பிரிட்டிஷ் பவுண்டு) பத்திரங்களும் இருப்பில் இருக்க வேண்டும். எந்த நாட்டில் எவ்வளவு நோட்டு புழங்குகிறதோ அந்த விகிதத்தில் ஈட்டைப் பிரிப்பதாக ஒப்பந்தம். இரண்டு நாட்டிலும் ஒரே நோட்டு புழங்கினால் எது யாருடையது என்று எப்படி எண்ணுவது? பெயர் பொறித்த நோட்டை எண்ணிவிடலாம். பொறிக்காத பழைய நோட்டுகளை அங்கே திரும்பப் பெற்று, அந்தத் தொகைக்கும் ஈடு கணக்கிட வேண்டியிருந்தது.

கணக்கர்:
55 கோடியையும் இந்த நோட்டையும் சேர்த்துக் குழப்பாதீர்கள். இணையத்தில் திரும்பத் திரும்ப வரும் தவறு இது.

பிரிவினையின்போது அரசின் ரொக்க இருப்பு ஏறத்தாழ 400 கோடி ரூபாய். அதில் பாகிஸ்தானின் பங்கு 75 கோடி என்று முடிவானது. 20 கோடி தொடக்கத்திலேயே போய்விட்டது, மீதிதான் 55. ரொக்க இருப்பு என்பது ரிசர்வ் வங்கியில் அரசின் கணக்கில் இருக்கும் தொகை. ஒரு கணக்கில் பற்று, இன்னொரு கணக்கில் வரவு, அவ்வளவுதான். ரயிலில் நோட்டுக்கட்டு ஏற்றி அனுப்பியதாகச் சொல்வதெல்லாம் கற்பனை. தேதியும் பொருந்தவில்லை. ஜனவரி 13 அன்று காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார், 15-இல் தொகையை விடுவிக்க அரசு முடிவு செய்தது. பெயர் பொறித்த நோட்டு வந்ததோ ஏப்ரலில்.

இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. காஷ்மீர்ப் போரைக் காட்டி இந்தியா அந்தத் தொகையை நிறுத்தி வைத்தபோது, தன் கஜானாக் கணக்கு பகைநாட்டு வங்கியில் இருப்பதன் ஆபத்து பாகிஸ்தான் அரசுக்கு உறைத்தது. ஏற்பாட்டை மூன்று மாதம் முன்கூட்டியே, ஜூன் 30-உடன் முடித்துக்கொண்டார்கள். ஜூலை 1 அன்று கராச்சியில் பாகிஸ்தான் ஸ்டேட் வங்கியை ஜின்னா திறந்துவைத்தார்; ஜாகித் உசேன் முதல் ஆளுநர். பெயர் பொறித்த நோட்டுகளின் பொறுப்பும் அந்த வங்கிக்குப் போனது. ஆனால் வங்கி வந்தும் சொந்த நோட்டு கையில் இல்லை. இலண்டனில் தாமஸ் டி லா ரூ அச்சடித்த 5, 10, 100 ரூபாய் நோட்டுகள் அக்டோபரில்தான் வெளிவந்தன. அதற்குள் ஜின்னா இறந்துவிட்டார்.

உருப்பெருக்கி:
போலிக்கு வருவோம். சாதாரண ஜார்ஜ் நோட்டின் மேல் எழுத்தை மட்டும் அச்சடித்து விற்பதுதான் வழக்கமான ஏமாற்று.

முதலில் மதிப்பைப் பாருங்கள். 1, 2, 5, 10, 100 மட்டும்தான் உண்டு. 1000 ரூபாயில் வந்தால் தொடவே வேண்டாம். அசோகத் தூண் சிங்கம் இருந்தாலும் அப்படியே. அந்தச் சின்னம் நோட்டில் வந்தது 1949-இல்.

அடுத்து பத்து மடங்கு லென்ஸ். நோட்டு மடிந்து தேய்ந்த கோட்டில் எழுத்தும் தேய்ந்திருக்க வேண்டும். மடிப்பின் வெடிப்புக்குள் மை இறங்கியிருந்தால், அழுக்குக்கு மேல் மை உட்கார்ந்திருந்தால், பழைய நோட்டில் புது எழுத்து. லேசர் அச்சு பளபளக்கும், எழுத்தைச் சுற்றிக் கருந்தூள் சிதறியிருக்கும். இங்க்ஜெட்டில் ஓரம் நாரோடு கசிந்து ஓடும். கசங்கிய நோட்டில் எழுத்து மட்டும் அடர்த்தியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். படத்தைப் பார்த்து மட்டும் பணம் அனுப்பாதீர்கள். சாய்வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள்.

செப்புக்காசு:
தெளிவாயிற்று, நன்றி. சிலவற்றில் ‘பாகிஸ்தான் நோட்டு, பணம் தர மறுக்கப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் முத்திரை இருக்கிறதே, அது சேதமா?

உருப்பெருக்கி:
சேதம் என்று தள்ளாதீர்கள். இங்கே செல்லாத நோட்டை இந்தியாவில் மாற்றக் கொண்டுவந்தபோது குத்தித் திருப்பிக் கொடுத்த முத்திரை அது. தனியாக அதைத் தேடிச் சேர்ப்பவர்களே இருக்கிறார்கள். அதனாலேயே அந்த முத்திரையையும் போலியாகக் குத்துகிறார்கள். மேலே சொன்ன மடிப்புச் சோதனையை முத்திரைக்கும் செய்யுங்கள். ரப்பர் அழிப்பானால் மையைச் சுரண்டிப் பார்க்க மட்டும் வேண்டாம், அசல் நோட்டாக இருந்தால் அதுவும் கெட்டுவிடும்.